சூடேற்றிய அறையில் யோகா: சிறுநீரகத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

தண்டையார்பேட்டையில் யோகா கற்பிக்கும் என்னிடம் புதிதாக வருகிறவர்கள், "வேர்த்துக் கொட்டினால் கிட்னிக்கு வேலை குறையுமாமே?" என்று கேட்பது வழக்கம். குறையாது. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். யூரியா போன்ற கழிவுகள் அதில் சிறிதளவே வெளியேறுகின்றன, மற்றதையெல்லாம் சிறுநீரகமே வடிகட்ட வேண்டியிருக்கிறது.

ஓய்வாக இருக்கும்போது, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. பிக்ரம் என்ற சூடேற்றிய அறை யோகா முறையில், அறையை ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, 40 விழுக்காடு ஈரப்பதத்தில், 90 நிமிடங்களுக்கு 26 பயிற்சிகளைச் செய்கிறார்கள். அந்த வெப்பத்தைத் தணிக்க உடல் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுவதாலும், உழைக்கும் தசைகள் தம் பங்கை இழுத்துக்கொள்வதாலும், வியர்வையால் ரத்தத்தின் அளவே சுருங்குவதாலும் சிறுநீரகங்களுக்குக் கிடைக்கும் ரத்தம் குறைகிறது. அவை நீரைப் பிடித்துவைக்கின்றன, சிறுநீர் அடர்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு, நீரும் உப்பும் திரும்பக் கிடைத்ததும் இது சரியாகிவிடும். இழந்ததை ஈடுகட்டாமல் மறுநாளும் அதே அறைக்குள் நுழைகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் இடத்தையும் காலத்தையும் பாருங்கள். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை, கத்திரி வெயில் நாட்களில் ஹீட்டர் இல்லாமலேயே சூடேற்றிய அறைதான். அதோடு கடலோரக் காற்றின் ஈரமும் சேர்கிறது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. உலராமல் பாயில் சொட்டும் வியர்வையால் நீர் இழப்பு மட்டுமே மிச்சம். ஆகவே மே மாதத்தில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, விடியற்காலையில் சாதாரண அறையில் பயிற்சி செய்வதே போதும் என்பது என் உறுதியான கருத்து.

சூடேற்றிய அறைக்குத்தான் போக வேண்டும் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சுமார் அரை லிட்டர் நீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குக் குறைந்த நேரமே செய்து உடலை வெப்பத்துக்குப் பழக்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், உலர்ந்த மெல்லிய உடையில் எடை பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 58.8 கிலோவாக வெளியே வந்தால், அவர் ஏறத்தாழ 1.2 லிட்டர் நீரை, அதாவது உடல் எடையில் 2 விழுக்காட்டை இழந்திருக்கிறார். அதைவிட அதிகம் இழப்பவர் வெப்பத்தையோ நேரத்தையோ குறைத்தே ஆக வேண்டும். கறுப்பு டி-ஷர்ட்டைக் காயப்போட்டுப் பாருங்கள்: முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருந்தால், நீங்கள் இழந்தது நீர் மட்டுமல்ல என்பது தெரியும். அந்த நிலையில் இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் வாந்தியும் குழப்பமும் வரக்கூடும். உப்பிட்ட நீர்மோரோ, பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கரைத்த ஓஆர்எஸ் கரைசலோ நல்லது.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் அல்லது ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருகிறவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ரத்தம் குறையும் வேளையில் சிறுநீரகம் தன் ரத்தக் குழாய்களைத் திறந்துவைக்கச் சுரக்கும் பொருளை இந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. எனாலாபிரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளையோ, சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளையோ எடுப்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்காமல் வெப்ப அறைக்கும் போகக் கூடாது.

சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் சூடேற்றிய அறையைத் தவிர்ப்பதே சரி. அவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமும் ஓஆர்எஸ்ஸில் உள்ள உப்பும் கேடாகலாம். கல் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடர்வதே பகை. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால், சேர்வதற்கு முன்பே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுக்கான பரிசோதனையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் அவற்றைச் செய்தால் இரண்டுமே தற்காலிகமாகக் கூடுதலாகத் தெரியக்கூடும். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, தசைகள் கடுமையாக வலித்து வீங்கினாலோ, நீர் குடித்தும் ஆறேழு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலோ, தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைத்திருக்கலாம் என்று கருதி அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தலை சுற்றி, பேச்சுக் குழறினால் ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைத்துவிட்டு, அது வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். அறையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அன்று விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொடுங்கள்.