'ரெண்டு நிமிஷ வேலைதான்': வீட்டைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரை இடிக்கும் நாளில் எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறோம். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம், சாமான்களை மூடி வைக்கிறோம். கவனம் தவறுவது மறுநாள், 'ஒரே ஒரு ஓட்டைதான், ரெண்டு நிமிஷம்' என்று டிரில்லைக் கையில் எடுக்கும்போது.

அந்த ஓட்டையிலிருந்தே தொடங்கலாம். சுவருக்குள் போகும் ஒயர் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, பக்கவாட்டிலோ போகும். படம் மாட்ட நமக்குப் பிடித்த இடமும் போர்டுக்கு நேர் மேலேதான். அந்தக் கோட்டில் கை வைக்காதீர்கள். அந்த அறையின் பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாகவும் இருக்க வேண்டாம்; வேறொரு லைன் அதே சுவர் வழியாகப் போகக்கூடும். மெயினையே அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில் வேலை பாருங்கள். ஒயரைத் தொட வேண்டிய வேலையென்றால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதும் முழு ஆதாரமல்ல, டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். அப்புறம், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு மெயின் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். 'கரண்ட் போச்சா?' என்று யாராவது போய்த் தூக்கிவிடுவார்கள்.

சாதாரண பிரேக்கர் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும். இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை வேலை தொடங்கும் முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அடுத்து சுவர். 'தட்டிப் பார்த்தாலே தெரியும், இது சும்மா தடுப்புச் சுவர்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூணும் பீமும் வைத்துக் கட்டிய வீட்டில் பல சுவர்கள் இடத்தை அடைக்க மட்டுமே இருக்கும். தூண் இல்லாத பழைய வீட்டில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. தட்டும் சத்தம் அதைச் சொல்லாது. ஜன்னலை அகலப்படுத்துவதும் சுவரை இடிப்பதுதான், அதற்கும் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். பைப் பதிக்க பீமையோ தூணையோ வெட்டவே கூடாது. பலரும் யோசிக்காத ஒன்று: இடித்த செங்கலையும் காரையையும் மாடியில் ஒரே மூலையில் குவிப்பது. அந்தக் குவியலின் பாரம் முழுவதும் தளத்தின் ஒரே இடத்தில் இறங்குகிறது. அன்றன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.

தூசி விஷயத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் ஆபத்து. டைல்ஸ், கான்கிரீட் வெட்டும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க்காவது போடுங்கள், தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினாகப் பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

ஈரச் சிமென்ட்டை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். குளியலறைத் தரை பூசும்போது கை கொடுக்கிறேன் என்று முட்டி போட்டு உட்கார்ந்தேன். பேன்ட் நனைந்தது தெரிந்தது. வலி எதுவும் இல்லை, அதனால் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் குளிக்கும்போது முட்டித் தோல் சிவந்து உரிந்து வந்தது. ஈரச் சிமென்ட் கடுமையான காரம், வலி தெரிவதற்குள் தோலைப் புண்ணாக்கிவிடும். துணி நனைந்தால் உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள்.

டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றியிருந்தால், அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

சாய்த்து வைக்கும் ஏணிக்கு 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பகுதி சுவரிலிருந்து விலகியிருக்கட்டும்.

வேலையாட்கள் கிளம்பியதும் ஒரு சுற்று வாருங்கள். மெஷின்களின் பிளக்கைப் பிடுங்குங்கள், பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை அடித்து மடக்குங்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வாளித் தண்ணீரையெல்லாம் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். தலைகீழாக விழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர்கூட ஆழம்தான், சத்தமும் கேட்காது.