சேமிப்புக் கணக்கு சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கப்பட்டது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். இத்தனை வருடம் கணக்கு நோட்டு பழகிய ஊர். ஆனாலும் பாலக்கோடு பக்கம் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். வரவுக்குள் செலவு செய்யவேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மாதச் செலவை மட்டும் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு பெண் கறவை மாடு வாங்க ஆசைப்பட்டார். மாட்டு விலை 60,000. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, சம்பளம் 18,000. மாதச் செலவு 13,000. மீதி 5,000. அறுபதை ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு. "ஒரே வருஷம்தான் அக்கா" என்று சந்தோஷமாக வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டுவிட்டார்.

வகுத்தல் சரி. வகுத்த எண்தான் தப்பு. நான் உட்கார்ந்து வேறொரு பட்டியல் எழுதினேன்: ஜூனில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டு 9,000. மொய் 8,000. தீபாவளி 6,000. வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,000. ஊர்த் திருவிழா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் 3,000. மொத்தம் 30,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,500. ஆக, மாட்டுக்கு மிஞ்சுவது 5,000 இல்லை, 2,500. மாடு வர இரண்டு வருடம்.

"அதெல்லாம் எப்பவாவது வர்ற செலவுதானே? மொய் திரும்பி வந்துடுமே அக்கா?" என்றார். வரும், நம் வீட்டில் விசேஷம் வைக்கும்போது. மாடு வாங்கும் வருடத்தில் யார் கொண்டுவந்து தருவார்கள்?

கேட்கவில்லை. ஜூன் வந்தது. தோட்டை அடகு வைத்து 9,000 வாங்கினார், இரண்டு வட்டிக்கு. அதாவது மாதம் 180 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். ஆர்.டி. தவணையை மட்டும் விடாமல் கட்டினார்! அதில் கிடைக்கும் வட்டி வீதம், அடகு வட்டி வீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கடன் வாங்கிச் சேமிப்பது என்பது இதுதான். நோட்டில் பார்த்தால் சேமிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? போன வருடத்து ஆடி, தீபாவளி, கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் நினைவுபடுத்தி வருடச் செலவைக் கூட்டுங்கள். பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம்தான் இலக்கு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரலில் தொடங்கினால் மே முடிய 5,000தான் சேர்ந்திருக்கும். ஜூனுக்கு 9,000 வேண்டும். அதனால் முதல் இரண்டு மாதமும், மாதாமாதம் மிஞ்சும் 5,000 முழுவதையும் இதிலேயே போடுங்கள். மாடு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்தைச் சம்பளமாக எழுதுவது

எழுதாதீர்கள்.

மாங்காய்ப் பணத்தை முன்கூட்டியே பிரிப்பது

கிருஷ்ணகிரிப் பக்கம் பூ பிடித்ததுமே நோட்டில் வரவு ஏறிவிடுகிறது. பணம் கைக்கு வரட்டும், பிறகு வகுக்கலாம்.

பதிவில்லாத சீட்டு

வேண்டாம். பதிவான சீட்டிலும் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம். அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

காலம் பார்க்காமல் ஆர்.டி. போடுவது

அஞ்சலக ஆர்.டி.க்கு மாதம் 100 ரூபாய் போதும் என்று கேட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அது 5 வருடத் திட்டம். 3 வருடத்துக்கு முன் மூட முடியாது. அதன்பின் இடையில் மூடினால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். இரண்டு வருடத்தில் மாடு வேண்டுமென்றால் வங்கியில் 24 மாத ஆர்.டி. கேளுங்கள். படிவத்தில் 24 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.