சின்னப் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்க: குமரி மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது?

அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது. சத்துமாவு இந்த மாதமும் வரவில்லை. மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை, யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. நம் ஊர்களில் இதெல்லாம் தினமும் காதில் விழுகிறது, ஆனால் பேச்சோடு நின்றுவிடுகிறது. இதை உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பதில் வரும்வரை விடாமல் கேட்கும் ஆள் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். அதற்குச் சட்டப் படிப்போ பதவியோ தேவையில்லை. முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: முதலில் வீடுகளில் போய்க் கேளுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நம் மாவட்டத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் நாள் ஒரே மாதிரி விடிவதில்லை. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால்வடிப்புக்குப் போகிறவர்கள் வெளிச்சம் வருமுன் கிளம்பிவிடுகிறார்கள். அங்கன்வாடி திறக்க அதற்குப் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கும். தூத்தூர், வள்ளவிளை கடற்கரையில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. ஆஸ்பத்திரி, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் அம்மா ஒருத்தி பொறுப்பு. விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போய்விடும். 'ஏன் தடுப்பூசி போட வரவில்லை?' என்று கேட்பதற்கு முன், எந்த நாளில், எந்த நேரத்தில் வர முடியும் என்று கேளுங்கள்.

"என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல மக்கா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "காலையில பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறீங்க, அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும். பிள்ளையின் வயது, எடை, கடைசியாகப் போட்ட தடுப்பூசி, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும்.

படி 2: அங்கன்வாடி டீச்சரோடு உட்காருங்கள்

புகார் செய்யப் போகிற ஆளாகப் போகாதீர்கள். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது என்று அவர் தலையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. என்ன குறை என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்; மேலே சொல்ல முடியாமல் இருக்கலாம். ஊர் கேட்டால் அவருக்கும் பலம்.

படி 3: உரிமை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. ஆனால் சாப்பாடு இன்று வெறும் திட்டச் சலுகை இல்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிரசவத்துக்குப் பிறகு 6 மாதம் வரை தாய்மார்களுக்கும் இலவச உணவு உரிமை. பிள்ளைக்கு நாளொன்றுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கூடுதல். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளையின் மேல் கையின் (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே) சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அந்தக் கடுமையான நிலை. காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

பேச்சு வராதது, நடை தாமதம், பிறவிக் குறை இவற்றைக் கண்டுபிடிக்க 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அடுத்து எப்போது வருகிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டு, அன்றைக்குப் பிள்ளை அங்கே இருக்கும்படி செய்வதே பெரிய வேலை.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். அம்மா நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம்.

படி 4: ஒரு கோரிக்கை, ஒரு மேசை

புதிதாக வருகிறவர்கள் பத்துக் குறையையும் ஒரே மனுவில் எழுதிவிடுகிறார்கள். அது எந்த மேசையிலும் நிற்காது. ஒன்றை மட்டும் எடுங்கள். அப்புறம், அதைச் செய்து தரும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். உணவு என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். தடுப்பூசி என்றால் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். கட்டடம், தண்ணீர், கழிப்பறை என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம் அல்லது பேரூராட்சி.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

'எங்கள் மையத்துக்கு 22 பிள்ளைகள் வருகிறார்கள். சமையலறைக் கூரை ஜூன் மாதம் முதல் ஒழுகுகிறது. மழை நாட்களில் சமைக்க முடியாமல் மதிய உணவு தடைபடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் இறுதிக்குள் கூரையைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

எத்தனை பிள்ளைகள், எப்போதிலிருந்து, என்ன பாதிப்பு, எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், கூரை விஷயத்தில் தேதி போடாமல் மனு எழுதவே கூடாது. இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம்.

போகும்போது பிள்ளையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று காகிதத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். அடுத்த முறை அவர் தனியாகவே போவார். அதுதான் நமக்கு வேண்டியது.

படி 5: ஊர்க் கூட்டத்தில் வையுங்கள்

ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கோரிக்கையை முன்கூட்டியே ஊராட்சி செயலரிடம் எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று அன்றே பாருங்கள். குமரியில் 95 ஊராட்சிகள்தான்; பேரூராட்சிகள் 50-க்கும் மேல். பார்க்க கிராமமாக இருக்கும் பல ஊர்களில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலரையும் செயல் அலுவலரையும் பிடிக்க வேண்டும்.

இடையில் ஒரு எச்சரிக்கை

பிள்ளைக்கு அடி, பாலியல் தொல்லை, கைவிடப்படுதல் என்று தெரிந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களை வைத்து சமரசம் பேசாதீர்கள். பாலியல் குற்றம் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். பெயரோ படமோ வாட்ஸ்அப்பில் போகவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். சாதாரண நாளிலும் மெலிந்த பிள்ளையின் போட்டோவைப் போட்டு உதவி கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊரில்தான் வளர வேண்டும்.

படி 6: பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், மனு கொடுத்த அலுவலகத்திடமே தகவல் கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள். 'இந்தத் தேதியில் கொடுத்த எங்கள் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? கோப்பின் நகல் தரவும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். முத்திரை வாங்கிய அந்த நகலை அதோடு இணைத்துவிடுங்கள்.