சாருடைய ஃபோர்ட்ரானைப் பைத்தானிலிருந்து கூப்பிடுவது

பெங்களூர் பீன்யாவில் எங்களுடையது ஒரு சின்ன அலுவலகம். உலைச் சுவருக்கு எத்தனை அங்குலம் தீச்செங்கல், அதன் பின்னால் எத்தனை அங்குலம் காப்புக் கம்பளி என்று கணக்குப் போட்டுத் தருவோம். கணக்கைப் போடுவது 1987-இல் எங்கள் சார் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல். சார் ஓய்வு பெற்றுக் கோலார் தங்கவயலில் இருக்கிறார். நிரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பைத்தான்தான் தெரியும். "அக்கா, இதைப் பைத்தான்ல திருப்பி எழுதிடலாமே?" என்று ஓசூர்ப் பையன் சேர்ந்த முதல் வாரமே கேட்டான்.

வேண்டாம் என்றேன். அந்த 1,400 வரியும் உலைக்குள் செருகிய தெர்மோகப்பிள் என்ற வெப்பமானி காட்டிய எண்களோடு வருடக்கணக்காக ஒப்பிட்டுத் தேறியவை. திருப்பி எழுதினால் வரிகள் வந்துவிடும், அந்தத் தேர்ச்சி கூடவே வராது. பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையைப் பாருங்கள். நேரியல் சமன்பாடுகளுக்கு அது இன்றும் 1992-இல் முதலில் வெளிவந்த லாபேக் என்ற நூலகத்தைத்தான் கூப்பிடுகிறது. லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது எஃப்2பை. 1999-இல் பியாரு பீட்டர்சன் தொடங்கிய இந்தக் கருவி இப்போது பைத்தானின் எண் அணி நூலகமான நம்பையோடு சேர்ந்தே வருகிறது. நாமும் அதே பாலத்தில் போகலாம்.

கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். சார் எனக்குப் போனில் அப்படித்தான் சொல்லித் தந்தார்.

முதலில் கோப்பின் பெயரில் கை வைக்காதீர்கள். டாட் எஃப் என்று முடிந்தால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) அதைப் பழைய பாணி என்று எடுத்துக்கொள்ளும்: 7-ஆவது கட்டத்திலிருந்து 72-ஆவது கட்டம் வரைதான் நிரல், முதல் கட்டத்தில் சி என்று இருந்தால் அந்த வரி குறிப்பு. பார்க்க நவீனமாக இருக்கட்டும் என்று டாட் எஃப்90 ஆக்கினால் பிழைகள் மலைபோல் கொட்டும். 72-ஐத் தாண்டிய எழுத்துகளைப் பழைய பாணியில் கம்பைலர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒரு பெருக்கலின் வால் இப்படி வெட்டுப்பட்டுத் தப்பான விடை வந்து, ஒரு முழு மதியம் எனக்குப் போனது.

அடுத்து, கணக்குப் போடும் சப்ரூட்டீன்களை, அதாவது நிரலின் துணைப் பகுதிகளை, மட்டும் தனிக் கோப்புக்கு எடுங்கள். கோப்பைப் படிப்பது, அட்டவணை அச்சடிப்பது எல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கட்டும். அந்த வேலைகளைப் பைத்தான் நன்றாகவே செய்யும்.

இப்போது எஃப்2பை. பலர் மைனஸ் சி, மைனஸ் எம் போட்டு பைத்தான் கூப்பிடக்கூடிய மாட்யூலை ஒரே அடியில் கட்டிவிடுவார்கள். நான் நடுவில் ஒரு படி வைக்கிறேன். மைனஸ் எம் கொடுத்து மாட்யூலுக்கு வெப்பம் என்று பெயர், மைனஸ் எச் கொடுத்து டாட் பிஒய்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு. அதில் ஒவ்வொரு சப்ரூட்டீனுக்கும் எந்த மாறி உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று ஒரு ஜாதகம் எழுதிக் கிடைக்கும். எஃப்2பை ஊகித்து எழுதியதுதான் அது. அதை நாம் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன்.

சார் நிரலின் நடுவே தாமஸ் முறையில் ஒரு சப்ரூட்டீன் இருக்கிறது. மூன்று மூலைவிட்டங்கள் மட்டுமே உள்ள சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும். சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டின் வெப்பமும் பக்கத்துத் துண்டுகள் இரண்டை மட்டும் சார்ந்திருப்பதால் அப்படி ஒரு தொகுதி வருகிறது. நாலே எண்ணில் சோதித்துப் பார்க்கலாம். நடு மூலைவிட்டம் முழுக்க 2, இரு பக்கமும் மைனஸ் 1, வலது பக்கம் 1, 0, 0, 1. விடை 1, 1, 1, 1. கையாலேயே சரிபார்க்கலாம்.

பையன் ஓட்டினான், வந்தது. வலது பக்கத்தை மட்டும் புதிதாக நிரப்பி மறுபடி ஓட்டினான். கடைசி எண் மைனஸ் 1.43. "அக்கா, ரெண்டாவது தடவை ஓட்டினா விடை மாறுது!"

காரணம் எளிது. 1987-இல் நினைவகம் தங்கம். அதனால் சார் இடைக்கணக்கைத் தனியாக வைக்காமல் நடு மூலைவிட்டத்தின் மேலேயே எழுதிவிட்டார். முதல் ஓட்டம் முடிந்ததும் அங்கே இருப்பது 2, 2, 2, 2 இல்லை: 2, 1.5, 1.333, 1.25. விடையும் வலது பக்க அணியின் மேலேயே எழுதப்படுகிறது. ஃபோர்ட்ரான்காரருக்கு இது சாதாரணம், பைத்தான்காரருக்குக் கொடுத்த சாமான் உடைந்து திரும்பி வருவது மாதிரி.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நம்பை அணிக்குப் பதில் முழு எண்கள் அடங்கிய சாதாரண லிஸ்டைக் கொடுங்கள். எஃப்2பை அதை இரட்டைத் துல்லிய எண்களாக மாற்ற ஒரு நகல் எடுக்கும், விடையை நகலில் எழுதும், நகலைத் தூக்கிப் போட்டுவிடும். உங்கள் கையில் அதே பழைய 1, 0, 0, 1. பிழைச் செய்தியும் வராது.

சரி, மருந்து என்ன? டாட் பிஒய்எஃப் கோப்பில் நடு மூலைவிட்டத்துக்கு இன்டென்ட் இன், காப்பி என்று போடுங்கள். வலது பக்கத்துக்கு இன்டென்ட் இன், அவுட், காப்பி. அணியின் நீளம் எஃப்2பை தானே கண்டுகொள்ளும், அதற்கு ஹைடு. அவ்வளவுதான். இனி மூன்று மூலைவிட்டமும் வலது பக்கமும் கொடுத்தால் விடை தனி அணியாகத் திரும்பி வரும், கொடுத்தது கொடுத்தபடி இருக்கும். சாருடைய கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தக் கோப்பைத் தொட்டேன். கடத்துதிறன் பூஜ்யமாக வந்தால் சார் ஸ்டாப் என்று எழுதியிருந்தார். தனியாக ஓடும் நிரலுக்கு அது நியாயம். பைத்தானுக்குள்ளிருந்து ஓடும்போது ஸ்டாப் நிறுத்துவது மொத்தப் பைத்தானையும். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று 200 சுவர்களை வரிசையில் விட்டுவிட்டு அல்சூர் போய்ச் சேர்ந்தேன். காலையில் வந்தால் பைத்தான் ஓடிய நோட்புக் பக்கம் செத்துக் கிடக்கிறது, கணக்கு முடிந்த சுவர்களின் விடையும் கூடவே போச்சு. இப்போது ஸ்டாப்புக்குப் பதில், லாபேக் செய்வது போல இன்ஃபோ என்று ஒரு முழு எண் திரும்பி வருகிறது: 0 என்றால் நலம், வேறு எண் என்றால் அந்தத் துண்டில் கோளாறு. மேலே ஒரு சின்னப் பைத்தான் உறை அதைப் பார்த்து வேல்யூஎரர் எழுப்பும். சாரிடம் போனில் அனுமதி கேட்டேன். "அத முன்னாடியே பண்ணியிருக்கணும்மா" என்றார்.

இரு பரிமாண அணி வந்தால் வரிசை முறையைக் கவனியுங்கள். ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக அடுக்கும், நம்பை வழக்கமாகக் கிடைவரிசையாக அடுக்கும். எஃப்2பை விடையைத் தப்பாக்காது, ஆனால் ஒவ்வொரு தடவையும் மாற்றி அடுக்கி ஒரு நகல் எடுக்கும். 5000-க்கு 5000 அணி என்றால் இரட்டைத் துல்லியத்தில் 200 எம்பி. ஒவ்வொரு காலப் படிக்கும் அதை நகலெடுத்தால் வேகம் என்ன ஆகும்? அணியை உருவாக்கும்போதே ஆர்டர் எஃப் என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

புதிய பாணி ஃபோர்ட்ரானில் துல்லியத்தை ரியல் கைண்ட் டிபி என்று பெயர் வைத்து எழுதியிருந்தால், அந்த டிபி என்ன என்று எஃப்2பைக்குத் தெரியாமல் ஒற்றைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை ஒரு வரி ஓடும், யாரும் படிக்க மாட்டோம். டாட் எஃப்2பை அண்டர்ஸ்கோர் எஃப்2சிமேப் என்ற சின்னக் கோப்பில் அதை டபுள் என்று எழுதி வையுங்கள். அப்புறம், சப்ரூட்டீன்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவிடமான காமன் பிளாக் இருக்கும் நிரலுக்கு டாட் பிஒய்எஃப் கோப்பில் த்ரெட்சேஃப் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தில் எழுதிக் குழப்பும்.

கடைசியாகப் பொட்டலம் கட்டும் வேலை. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் நம்பை டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டும் கருவியைச் சொல்லும். பைத்தான் 3.12-இலிருந்து அது கிடையாது. இப்போது மெசான் என்ற கட்டும் கருவிதான், அதோடு நிஞ்சாவும் நிறுவ வேண்டும். பைபுராஜெக்ட் கோப்பில் மெசான்-பைத்தானைக் குறிப்பிட்டு, மெசான் கோப்பில் எஃப்2பை உண்டாக்கும் சி கோப்பையும் சாருடைய கோப்பையும் சேருங்கள். எல்லாரும் மறப்பது மூன்றாவதை: நம்பைக்குள் இருக்கும் ஃபோர்ட்ரான்ஆப்ஜெக்ட் என்ற சி கோப்பு. அது இல்லாமல் இணைப்பு முடியாது.

வீல் என்ற நிறுவு பொட்டலம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பினேன். லிப்ஜிஃபோர்ட்ரான் இல்லை என்று அவர்கள் லினக்ஸ் அடம்பிடித்தது. என் மடிக்கணினியில் கம்பைலரோடு வந்த நூலகம் அங்கே இல்லை. அதை வரவழைத்தால், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி பழையது என்றது. என் உபுண்டு புதிது, அவர்களுடையது எந்தக் காலத்ததோ. வழி இதுதான்: பழைய லினக்ஸ் சூழலைத் தரும் மெனிலினக்ஸ் கன்டெய்னருக்குள் கட்டுங்கள், ஆடிட்வீல் ரிப்பேர் ஓட்டுங்கள். தேவையான நூலகங்களை அது வீலுக்குள்ளேயே திணித்துவிடும். மேக்குக்கு டெலோகேட், விண்டோஸுக்கு டெல்வீல். மூன்றும் வேண்டுமென்றால் அந்தந்த இயங்குதளத்தில் சிஐபில்ட்வீலை ஓட்டிக் கட்டிக்கொள்ளலாம். கட்டும்போது நம்பை 2-ஐ வைத்துக் கட்டுங்கள். அது நம்பை 1-இன் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். நம்பை 1-ஐ வைத்துக் கட்டியது 2-இல் ஓடாது.

பிறகு கம்பைலரே இல்லாத வேறொரு கணினியில் பிப்பால் நிறுவி, அந்த நாலு எண் சோதனையை ஓட்டுங்கள். ஒரு தடவை அணியாகக் கொடுத்து, ஒரு தடவை லிஸ்டாகக் கொடுத்து, அப்புறம் அதே மூலைவிட்டத்தோடு மறுபடி ஒரு தடவை. மூன்று முறையும் 1, 1, 1, 1 வந்தால் அனுப்பலாம்.