பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் என்ன செய்வது?

எடுத்ததும் போலீசுக்கு ஓட வேண்டாம். அடிதடி, மிரட்டல் இல்லாதவரை "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் பதில் வரும். முதலில் தாலுகா சர்வேயர் அளந்து அத்து (எல்லை) காட்டக் கேட்டு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். பட்டா, புலப்படம் (மனையின் அளவு காட்டும் சர்வே வரைபடம், FMB), மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று கையில் இருக்கட்டும்.

பத்திரத்தின் நான்கெல்லையையும் நீள அகலத்தையும் புலப்படத்தோடு ஒத்துப் பாருங்கள். புலப்பட அளவு மீட்டரில் இருக்கும். பத்திரம் அடியிலும் சென்டிலும் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 5 சென்ட், தரையில் நாலே முக்கால் என்றால், தப்பு பக்கத்துக்காரரிடம் இல்லாமல் உங்களுக்கு விற்றவரிடமே இருக்கலாம்.

அளந்த பிறகு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகை அட்டையோடு. அதற்கும் அசையாவிட்டால் மனை இருக்கும் பகுதியின் உரிமையியல் நீதிமன்றம். பலர் சறுக்குவது இங்கேதான்: உறுத்துக்கட்டளை (இடத்தில் தலையிடாதே என்னும் தடை உத்தரவு) மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். எதிராளி உங்கள் உரிமையையே மறுத்து அதில் சந்தேகம் எழுப்பினால் விளம்புகைப் பரிகாரமும் (இடம் உங்களுடையதே என்று நீதிமன்றம் அறிவிப்பது), இடம் அவர் கைக்குப் போயிருந்தால் சுவாதீன மீட்பும் (இடத்தைத் திரும்பப் பெறுவது) சேர்த்தே கேட்க வேண்டும். பட்டா மட்டும் உரிமைக்குச் சான்றாகாது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-ல் மனுப் போட்டு நீதிமன்றம் அதை ஏற்றால், அது நியமிக்கும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்வார். வரும்போது கல் எங்கே, வேலி எங்கே என்று நேரில் நின்று காட்டுங்கள்.

உங்களைச் சட்டவிரோதமாக வெளியேற்றிய தனியார் மீது, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆம் பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அதில் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை. அதைத் தவறவிட்டால், உரிமையின் பேரில் மீட்க வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம்.