பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் கைக்கு வர என்னென்ன முடிக்க வேண்டும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எல்லோரும் கேட்பது "எந்தக் காலேஜ்?" என்றுதான். சேர்ந்த பிறகு பட்டம் வாங்க என்ன விதி என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் செமஸ்டரில் அரியரோடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே உள்ளது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம், தேர்வு பற்றிய விதித் தொகுப்பு) கணக்கு. அதன்பின் புதிய ரெகுலேஷனும் வந்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். உங்கள் பேட்ச் எந்த ரெகுலேஷனில் வருகிறது என்று சேர்ந்த முதல் வாரமே துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 1: கட்ஆஃப் போடுங்கள்

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காதவர்களும் தாராளமாகச் சேரலாம், கணிதத்தோடு பயாலஜி படித்த பிள்ளைகள் இதற்குத் தயங்க வேண்டாம். நுழைவுத் தேர்வு கிடையாது. கட்ஆஃப் என்பது இந்த மூன்று பாட மதிப்பெண்களை வைத்து 200-க்குப் போடும் கணக்கு. கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு, மற்ற இரண்டும் பாதியாக 50, 50-க்கு. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178.

படி 2: கவுன்சலிங்

சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் முன்கூட்டியே வாங்குங்கள், கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு தனியாக இருக்கிறது.

சாய்ஸ் (வேண்டிய கல்லூரி, பிரிவுகளின் வரிசைப் பட்டியல்) கொடுக்கும்போது மனதுக்குப் பிடித்ததையே முதலில் போடுங்கள். "நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்று அதைக் கீழே தள்ளினால், கிடைத்திருக்க வேண்டியதும் போய்விடும். கல்லூரிப் பெயரை மட்டும் நம்பாமல் கல்லூரி எண்ணையும் பாருங்கள், ஒரே மாதிரிப் பெயரில் நிறைய இருக்கின்றன.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு வழி வேறு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வார்கள்.

படி 3: பாஸ் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 வந்தால் பாஸ். ஆனால் கூடவே செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும்.

ஒருவர் இன்டர்னலில் 40-க்கு 36 வைத்திருக்கிறார், தேர்வில் 100-க்கு 40 எடுக்கிறார் என்று வையுங்கள். அந்த 40, 60-க்கு மாற்றினால் 24. மொத்தம் 60. பாஸ் என்று தோன்றும். இல்லை, அரியர். தேர்வில் 45-ஐத் தொடவில்லை. இன்டர்னல் தாங்கிவிடும் என்று நம்பி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே விழுகிற இடம் இது.

இன்னொருவருக்கு இன்டர்னல் 20தான். அவர் தேர்வில் 100-க்கு 50 எடுத்தால்தான் கரையேறுவார். செமஸ்டர் முழுக்கச் சேர்த்த இன்டர்னல் இந்த 20-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும், தேர்வன்று அந்த 50-ல் ஐந்து மதிப்பெண் வரைக்கும்தான் உங்களைத் தாங்கும்.

மதிப்பெண் குறைந்ததாக உறுதியாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்குங்கள். ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள்.

படி 4: வருகைப் பதிவு

75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குச் சான்றோடு விலக்கு கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றை அப்போதே கொடுங்கள், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

படி 5: எட்டு செமஸ்டர் பாடங்கள்

முதல் செமஸ்டர் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாண்டில் வருபவை: கணிதம், இயற்பியல், வேதியியல், பைதான், சி, இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு பாடங்களும் உண்டு. "கம்ப்யூட்டருக்கு எதற்கு டிராஃப்டர் (படம் வரையும் கருவி)?" என்று கிராஃபிக்ஸை ஒதுக்கினால் கடைசி வருடம் வரை அரியராகக் கூடவே வரும்.

என்னைக் கேட்டால் மூன்றாம் செமஸ்டர்தான் முதுகெலும்பு. டிஸ்கிரீட் மேத்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் அங்கேதான் வருகின்றன. லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொரு தகவலும் அடுத்தது எங்கே என்று சுட்டிக்காட்டும் சங்கிலி) நடுவிலிருந்து ஒரு நோடை, அதாவது ஒரு கண்ணியை, எடுத்தால் எந்தச் சுட்டி எங்கே மாறும் என்று தாளில் படம் போட்டுப் பார்த்தவருக்கு, நான்காம் செமஸ்டர் அல்காரிதம்ஸ் பாதி முடிந்த மாதிரி. புரோகிராமை மனப்பாடம் செய்து லேபில் தப்பித்தவர் அங்கே திணறுவார். அதே நான்காம் செமஸ்டரில் டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் எல்லாம் சேர்ந்து வரும். ஐந்தில் நெட்வொர்க்ஸ், கம்பைலர் டிசைன். பிறகு எலெக்டிவ் (நீங்களே தேர்ந்தெடுக்கும் பாடம்), இன்டர்ன்ஷிப், எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட்.

படி 6: வகுப்பும் காலக்கெடுவும்

ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து 10-க்குப் போடும் சராசரி) 6.5 வேண்டும். டிஸ்டிங்ஷனுக்கு 8.5 வேண்டும், ஒரு அரியரும் இல்லாமல் முடித்திருக்க வேண்டும். எல்லா அரியரையும் முடிக்க, சேர்ந்ததிலிருந்து மொத்தம் ஏழு ஆண்டு அவகாசம்.

படி 7: கடைசி வேலை

கல்லூரியில் நோ டியூ (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) வாங்கி, அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுங்கள். முதலில் புரொவிஷனல் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வரும், பட்டம் பிறகு வரும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.