செயற்கைக்கோள் படத்தில் வயல்மண்ணின் கரிமப் பொருளைக் கணிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடம் ஒரு டிப்பர் தொழுவுரம்தான் இருந்தது. எந்த வயலுக்கு முதலில் போடலாம் என்று கேட்டார். கரிமப் பொருள் குறைந்த வயலுக்குத்தான் முதலில் போட வேண்டும். நான் இருப்பதோ சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பழகிப் பார்க்க இங்குள்ள லிம் சூ காங் பண்ணைகளை எடுத்தேன். பாத்திகள் சிறியவை, கீரை ஓயாமல் நிற்கிறது, மேகமும் எளிதில் விலகாது. வெறும் மண் தெரியும் ஊர்தான் இந்த வேலைக்கு வேண்டும்.

1. மண் மாதிரி. 15 செ.மீ. ஆழம், வரப்பிலிருந்து தள்ளி, வயலின் நடுவில் எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் இடக்குறியீடு பதிய வேண்டும். மொத்தம் 24 இடங்களில் எடுத்தோம். ஆய்வகம் தருவது பெரும்பாலும் கரிமக் கார்பன் அளவு, 1.724 ஆல் பெருக்கினால் கரிமப் பொருள்.

2. படம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதும், இலவசம். இணையத்திலேயே படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் எடுங்கள். கோப்பு கோப்பாக இறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒட்டுவது வீண் உழைப்பு. மேகத்தை நீக்கிவிடுங்கள்.

3. வெறும் மண்ணைப் பிரிப்பது. நான் சறுக்கியது இங்கேதான். என்டிவிஐ (பச்சைப் பயிர் எவ்வளவு என்று காட்டும் குறியீடு) 0.25க்கு மேல் உள்ள இடங்களை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வாய்க்காலை ஒட்டிய வயல் நன்றாகக் கருத்துத் தெரிந்தது. "அதற்கு உரம் வேண்டாம், சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆய்வக முடிவு வந்தபோது அந்த வயலில்தான் கார்பன் மிகக் குறைவு. கரிமம் கூடினால் மண் கருக்கும். ஈரம் கூடினாலும் கருக்கும். நான் பார்த்தது வாய்க்கால் கசிவு.

இதற்கு என்பிஆர்2 என்ற குறியீடு உதவும். பி11, பி12 என்பவை படத்தின் இரண்டு குற்றலை அகச்சிவப்புப் பட்டைகள். பி11இலிருந்து பி12ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஈரமோ அறுத்த பயிரின் தாளோ இருந்தால் விடை உயரும். 0.075க்குக் கீழே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் இந்த எல்லையை மாற்றிப் பாருங்கள். டெல்டாவில் உளுந்து எடுத்த பிறகு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன், மே மாதம்தான் நல்ல நேரம். ஒரே நாள் படத்தை நம்பாமல், நாலைந்து ஆண்டு மே மாதப் படங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

4. கணிப்பு. 20, 30 மாதிரிதான் என்றால் ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற சிக்கலான இயந்திரக் கற்றல் முறை வேண்டாம். பி4 (சிவப்புப் பட்டை), பி11, பி12 வைத்து எளிய நேர்கோட்டுத் தொடர்பு போதும். சரிபார்க்க ஒதுக்கும் மாதிரிகள் வேறு வயல்களில் எடுத்தவையாக இருக்கட்டும். ஒரே வயலின் இரண்டு மாதிரிகளில் ஒன்றை வைத்துக் கணிப்பை உருவாக்கி மற்றதில் சோதித்தால், கணிப்பு உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

பின்சேர்க்கை: 2022க்குப் பிறகு எண்கள் திடீரென்று எகிறுவதாக இருவர் கேட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் 1000 கூடுதலாக இருக்கும். 'ஹார்மனைஸ்டு' என்று பெயரில் உள்ள தொகுப்பை எடுத்தால் அதைக் கழித்தே தருவார்கள்.